உங்கள் குதிரை தயாரா? பகடை உருட்டும் கதை விளையாட்டுகளில் ஒரு நாலுகால் பிரச்னை!

மேஜையைச் சுற்றி ஐந்து பேர். நடுவில் கையால் வரைந்த ஒரு வரைபடம், ஒரு தட்டு சிப்ஸ், கலர் கலராகப் பகடைகள். "நான் குதிரையைத் தட்டிவிட்டு அந்தப் பாலத்தைத் தாண்டுறேன்" என்கிறார் ஒருவர். கதையை நடத்துபவர் நிமிர்ந்து பார்க்கிறார். "பாலம் எரிஞ்சுகிட்டு இருக்கு. நீங்க தாண்டத் தயார், சரி. உங்க குதிரை தயாரா?"

மேஜையில் சட்டென்று ஒரு அமைதி. ஏனென்றால், அதுவரை அந்தக் குதிரையைப் பற்றி யாருமே யோசித்திருக்கவில்லை. அது ஆணா, பெண்ணா, பெயர் என்ன, நெருப்பைப் பார்த்திருக்கிறதா? ஒன்றும் தெரியாது. வாங்கும்போது கொடுத்த விலை மட்டும் ஞாபகம் இருக்கிறது.

இதுதான் டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம். 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரில் சிறுவர்கள் வீட்டு அடித்தளத்தில் உட்கார்ந்து ஆடுவார்களே, அதேதான். ஆளுக்கொரு கதாபாத்திரம். கதையை நடத்த ஒரு கேம் மாஸ்டர். செய்யப்போகும் காரியம் பலிக்குமா, பலிக்காதா என்பதை 20 முகங்கள் கொண்ட பகடை முடிவு செய்யும். வாள்வீச்சுக்கு விதி உண்டு, மந்திரத்துக்கு விதி உண்டு, பூட்டை உடைப்பதற்கும் உண்டு. குதிரைக்கும் உண்டு. ஆனால், அந்த விதிகள் கடந்த 50 ஆண்டுகளில் பட்ட பாடு தனிக்கதை.

யானை விலை, குதிரை விலை

இந்த விளையாட்டுகளுக்கெல்லாம் மூத்தது 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்'. 1974-ல் அமெரிக்காவின் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் சேர்ந்து வெளியிட்டது. அதற்கு 3 ஆண்டுகளுக்கு முன்பே கைகாக்ஸ், ஜெஃப் பெரன் என்பவருடன் சேர்ந்து 'செயின்மெயில்' என்ற போர் விளையாட்டை எழுதியிருந்தார். சின்னச் சின்ன பொம்மைப் படைகளை மேஜையில் நகர்த்தி ஆடும் ஆட்டம் அது. அதுபோன்ற ஆட்டங்களில் குதிரைவீரன் என்றால் குதிரையும் ஆளும் சேர்ந்த ஒரே பொம்மைதான். ஆள் எங்கே போகிறானோ, குதிரையும் அங்கே. தனியாக ஒரு மனசு அதற்குத் தேவைப்படவில்லை.

அந்தப் பழக்கம் 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' விளையாட்டுக்குள்ளும் தொற்றிக்கொண்டது. முதல் புத்தகத்தில் குதிரை இடம்பிடித்தது பொருள்களின் விலைப்பட்டியலில்தான். கோவேறு கழுதை 20 பொற்காசு, சாதாரண சவாரிக் குதிரை 40, கனமான போர்க்குதிரை 200. கயிறு, தீப்பந்தம், கவசம் ஆகியவற்றோடு சேர்ந்து வரும் இன்னொரு சாமான்!

விலைப்பட்டியல் இன்றும் தொடர்கிறது. அதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. நம் ஊரில் அநியாய விலை சொன்னால், "யானை விலை, குதிரை விலை சொல்றான்" என்போம். 2014-ல் வந்த 5-ம் பதிப்பில் போர்க்குதிரை 400 பொற்காசு, யானை 200! ஒரு குதிரைக் காசுக்கு இரண்டு யானை வாங்கலாம். கணக்கு தெரிந்த ஆட்டக்காரர்கள் இதை விட்டுவைப்பார்களா? யானைமேல் ஏறிக் கோட்டை வாசலுக்குப் போன குழுக்களின் கதைகள் இந்த வட்டாரத்தில் ஏராளம்.

ஆனால், அந்தக் குதிரை விலையில் ஒரு நியாயம் ஒளிந்திருக்கிறது. 400 பொற்காசு வெறும் சதைக்கான விலை அல்ல, பழக்கத்துக்கான விலை. சத்தம், ரத்த வாடை, நெருப்பு இவற்றுக்கு நடுவே ஓடிப்போகாமல் நிற்கப் பழகிய ஒரு விலங்குக்கான விலை.

நாளைக்கு 3 மணி நேரம், 6 வாரம்

இந்தப் பழக்கத்தை மிகவும் சிரத்தையாக விதியாக்கியது 2003-ல் வந்த 3.5 பதிப்பு. அதில் விலங்குகளைக் கையாள்வது ஒரு தனித் திறமை. பெயர் 'ஹேண்டில் அனிமல்'. சவாரிக்கு 'ரைடு' என்று இன்னொரு திறமை. இரண்டும் ஒன்றல்ல என்று பிரித்துவைத்ததே பெரிய விஷயம். நன்றாக ஓட்டத் தெரிந்தவருக்கெல்லாம் பழக்கத் தெரியும் என்று சொல்லிவிட முடியாதே!

குதிரைக்கு வித்தைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். 'வா', 'நில்', 'கூடவே வா', 'பின்வாங்கு', 'காவல் இரு', 'தாக்கு' என்று ஒரு பட்டியல் உண்டு. ஒரு வித்தைக்கு ஒரு வாரம், தினமும் 3 மணி நேரம். எளிய வித்தை என்றால் பகடையும் திறமையும் சேர்ந்து 15 வர வேண்டும், கடினமானது என்றால் 20. குதிரையின் அறிவுக்கு மொத்தம் 6 வித்தைகள்தான் தாங்கும். இந்தத் திறமையே இல்லாதவர்கள், பழகிய குதிரையைக் கையாளலாம். ஆனால், புதிதாக எதையும் கற்றுக்கொடுக்க முடியாது.

ஒரு குதிரையை முழுமையாகப் போருக்குத் தயார் செய்ய 6 வாரம் ஆகும். பாதி நாள் போன பிறகுதான் பகடை உருட்ட வேண்டும். திறமைக்கு 5 புள்ளி வைத்திருக்கும் ஒருவருக்கு 20 என்ற இலக்கை எட்ட, பகடையில் 15-க்குக் குறையாமல் விழ வேண்டும். 100-க்கு 30 வாய்ப்பு. தோற்றால் அந்த 3 வார உழைப்பு போனதுதான். மறுபடியும் முதலிலிருந்து!

இந்த விதிகளின் ஓரத்தில் இருக்கும் குறிப்புகள் இன்னும் அழகு. குதிரைக்கு 'தாக்கு' என்று சொல்லிக்கொடுத்தால், அது மனிதர்களையும் மற்ற விலங்குகளையும் தாக்கும். எதிரில் நிற்பது எழுந்துவந்த பிணமோ, பேயோ என்றால் நகராது. அப்படிப்பட்ட இயற்கைக்கு மாறான ஜந்துகளையும் தாக்க வேண்டுமென்றால், அதே வித்தையை இரண்டு வித்தைகளாகக் கணக்கிட்டுச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இதை எழுதியவர் குதிரைப் பக்கத்தில் நின்றிருக்கிறார் என்று தோன்றுகிறது.

போர்ப் பயிற்சியில் அடங்கும் 6 வித்தைகளில் 'நில்' கிடையாது. 'காவல் இரு' உண்டு. ஆகவே, போர்க்குதிரையைச் சத்திர வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே சாப்பிடப் போக வேண்டுமென்றால், அதைக் காவலுக்கு வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். பாவம், புல் எடுத்துக்கொண்டு வரும் லாயத்துப் பையன்!

தெரியாத வேலையைக் குதிரையிடம் வாங்க நினைத்தால் இலக்கு 25. குதிரைக்குக் காயம் பட்டிருந்தால் எல்லா இலக்கும் இன்னும் 2 கூடும். போருக்குப் பழகாத குதிரையோடு சண்டைக்குள் போனால், ஒவ்வொரு சுற்றிலும் அதை அடக்கவே 20 உருட்ட வேண்டும். தவறினால் அந்தச் சுற்று முழுக்க நீங்கள் கடிவாளத்தோடுதான் போராடிக்கொண்டிருப்பீர்கள். எதிரி அதுவரை காத்திருக்க மாட்டான்.

நிஜக் குதிரை என்ன செய்யும்?

இதில் எவ்வளவு உண்மை? அடிப்படை சரிதான். குதிரை ஒரு இரை விலங்கு. கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால், ஏறக்குறைய தன்னைச் சுற்றிலும் பார்க்கும். மூக்குக்கு நேர் முன்னாலும், வாலுக்கு நேர் பின்னாலும்தான் அதற்குப் பார்வை மறையும். புரியாத ஒன்றைக் கண்டால் அதன் முதல் யோசனை சண்டை அல்ல, ஓட்டம். பல நாடுகளில் காவல்துறைக் குதிரைகளுக்குப் புகை, கொடி, கூச்சல், வெடிச்சத்தம் ஆகியவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டிப் பழக்குவது இதனால்தான். பயத்தை அழிக்க முடியாது. "இதுவும் சாதாரணம்தான்" என்று பழக்க மட்டுமே முடியும்.

அதற்கு 6 வாரம் போதாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சுமார் 3,400 ஆண்டுகளுக்கு முன் மித்தானி நாட்டைச் சேர்ந்த கிக்குலி என்பவரின் பெயரில், தேர்க்குதிரைப் பயிற்சிக் குறிப்பு ஒன்று களிமண் பலகைகளில் கிடைத்திருக்கிறது. எந்த நாளில் எவ்வளவு தூரம் ஓட்ட வேண்டும், எப்போது தீனி, எப்போது குளியல் என்று மாதக்கணக்கில் நீளும் அட்டவணை அது. கிரேக்கரான ஜெனபோன், கி.மு. 4-ம் நூற்றாண்டில் குதிரையேற்றம் பற்றி எழுதிய நூலில், கோபத்தோடு குதிரையின் பக்கத்தில் போகவே கூடாது என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். அடியால் வாங்கும் வேலையைவிட, தட்டிக்கொடுத்து வாங்கும் வேலையே நிற்கும் என்பது அவர் கட்சி.

விளையாட்டு விதிகளில் இல்லாதது இதுதான். பழக்குபவரின் குணத்தைப் பகடை கேட்பதில்லை. முரட்டுத்தனமாகப் பழக்கினாலும், பொறுமையாகப் பழக்கினாலும் 20 வந்தால் 20தான்.

எளிமையாக்கியதில் என்ன போனது?

2014-ல் வந்த 5-ம் பதிப்பு இந்தக் கணக்குகளை எல்லாம் துடைத்துப்போட்டது. வித்தைப் பட்டியல் இல்லை, வாரக்கணக்கு இல்லை. 'அனிமல் ஹேண்ட்லிங்' என்ற ஒரே திறமை. மிரளும் குதிரையை அமைதிப்படுத்த, ஆபத்தான பாய்ச்சலுக்குத் தூண்ட, விலங்கின் மனநிலையை ஊகிக்க எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும். ஏறவும் இறங்கவும் உங்கள் நகர்வில் பாதி செலவாகும். பழகிய குதிரையை நீங்கள் ஓட்டும்போது அது 3 காரியங்கள் மட்டும் செய்யும்: விரைந்து ஓடும், எதிரியிடமிருந்து விலகும், அடிக்குத் தப்பிக்கும். அவ்வளவுதான்.

வீட்டு விலங்கான குதிரை எல்லாம் ஆளை ஏற்றப் பழகியது என்றே இந்த விதி வைத்துக்கொள்கிறது. எனவே 75 பொற்காசு சவாரிக் குதிரையும், 400 பொற்காசு போர்க்குதிரையும் டிராகன் முன்னால் ஒரே தைரியத்தோடு நிற்கும். புதிதாக ஆட வருபவர்களுக்கு, குறிப்பாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு, இது பெரிய நிம்மதி. சாயங்காலம் 3 மணி நேரம்தான் கிடைக்கிறது. அதில் பாதியை லாயத்தில் கழிக்க யாருக்குப் பிடிக்கும்? நியாயமான முடிவுதான். ஆனால், குதிரையின் 'மாட்டேன்' என்ற குரல் அதோடு போய்விட்டது. மிச்சம் இருப்பது பெட்ரோல் போடத் தேவையில்லாத ஒரு பைக்.

பைக்கை யாரும் பத்திரமாகப் பார்த்துக்கொள்வதில்லை. விளைவு, குதிரைகள் செத்து விழுகின்றன. இதே பதிப்பில் சவாரிக் குதிரையின் உயிர்ப்புள்ளி 13, போர்க்குதிரைக்கு 19. 'ஃபயர்பால்' என்ற பிரபலமான நெருப்பு மந்திரம் 8 பகடை சேதம் செய்யும், சராசரி 28. தப்பித்து ஒதுங்கினாலும் பாதி விழும், அதாவது 14. சவாரிக் குதிரை ஒதுங்கினாலும் சாகும், ஒதுங்காவிட்டாலும் சாகும். மேலே இருக்கும் வீரர் புகையைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்து நடப்பார்.

துக்கத்துக்கும் ஒரு விதி

3.5 பதிப்பில் 'பாலடின்' எனப்படும் புனித வீரருக்குத் தெய்வத்தின் அருளால் ஒரு குதிரை வரும். அது செத்துப்போனால், 30 நாள்களுக்கு வேறு குதிரையை அழைக்க முடியாது. இடையில் வீரர் அடுத்த நிலைக்கு உயர்ந்தால்தான் விதிவிலக்கு. அந்தக் காலத்தில் அவர் வீசும் ஒவ்வொரு அடியிலும், செய்யும் சேதத்திலும் ஒரு புள்ளி குறையும். விதிப்புத்தகம் இதற்கு விளக்கம் எதுவும் தருவதில்லை. ஆனால் ஒரு மாதம் கை தளர்ந்துபோவதற்கு வீட்டில் நாயோ மாடோ வளர்த்தவர்கள் என்ன பெயர் வைப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

5-ம் பதிப்பில் அதே வீரருக்கு 'ஃபைண்டு ஸ்டீடு' என்ற மந்திரம் இருக்கிறது. குதிரை விழுந்தால் மந்திரத்தைத் திரும்பச் சொன்னால் போதும், அதே குதிரை முழு உயிரோடு வந்து நிற்கும். வசதிதான். அழுவதற்குத்தான் இடமில்லை.

பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் மேஜையில் இது யோசிக்க வேண்டிய விஷயம். கற்பனைதான் என்றாலும், மாதக்கணக்கில் பெயர் சொல்லிக் கூப்பிட்ட குதிரை ஒரே உருட்டில் செத்துப்போனால் சிலர் நிஜமாகவே உடைந்துபோவார்கள். இதனால்தான் பல குழுக்கள் ஆட்டம் தொடங்கும் முன்பே பேசிக்கொள்கின்றன: விலங்குகள் சாகலாமா, கூடாதா? சிலர் அறவே கூடாது என்பார்கள். சிலர் சாகட்டும், ஆனால் வர்ணனை வேண்டாம் என்பார்கள். கூச்சப்படாமல் முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது.

ஆண்டுக்கொரு கண்டம்

குதிரையை மறக்காத விளையாட்டுகளும் இருக்கின்றன. 1978-ல் வந்த 'ரூன்க்வெஸ்ட்' ஒரு கறாரான விதி வைத்தது. குதிரைமேல் இருந்து சண்டை போட்டால், உங்கள் வாள் திறமை சவாரித் திறமையைத் தாண்ட முடியாது. தரையில் சூரனாக இருக்கலாம். சேணத்தில் தடுமாறுபவர் என்றால் அந்த அளவுக்குத்தான் வாளும் பேசும். அந்தக் கற்பனை உலகின் பிராக்ஸ் சமவெளியில் காட்டெருமை, மான் இனங்கள், காண்டாமிருகம் என்று ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு சவாரி விலங்கு. குதிரையை அங்கே யாருக்கும் பிடிக்காது!

கிரெக் ஸ்டாஃபோர்டு உருவாக்கிய 'பென்டிராகன்' (1985) இன்னும் ஒருபடி மேல். ஆர்தர் மன்னர் காலத்து வீரர்களின் கதை. ஈட்டியோடு குதிரையில் பாய்ந்து தாக்கும்போது சேதத்தைக் கணக்கிடுவது வீரரின் பலத்தை வைத்து அல்ல, குதிரையின் பலத்தை வைத்து. எனவே, நல்ல குதிரை இல்லாத வீரர் பாதி வீரர்தான். ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் குளிர்காலக் கணக்கு வரும். கல்யாணம், குழந்தை, முதுமை எல்லாவற்றுக்கும் பகடை உருட்டும்போது, லாயத்துக் குதிரைகளுக்கும் உருட்ட வேண்டும். பிழைத்ததா, நொண்டியானதா, செத்ததா? அந்த ஆண்டு வீட்டில் வசதி குறைந்திருந்தால், குதிரைகளுக்கும் ஆபத்து கூடும்.

சண்டையில் சாகாமல் தீனியும் கவனிப்பும் இல்லாமல் சாகும் குதிரை! இது மிகையாகத் தெரிந்தால், பாண்டிய நாட்டைப் பற்றி மார்க்கோ போலோ எழுதியதைப் பார்க்க வேண்டும். 13-ம் நூற்றாண்டின் இறுதியில், அரபு, பாரசீகத் துறைமுகங்களிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகள் இங்கே வந்தன. மன்னர் ஆண்டுக்கு 2,000-க்கும் மேல் வாங்குவார், ஆண்டு முடிவில் 100-கூட மிஞ்சாது என்கிறார் அவர். காரணமாக அவர் சொல்வது, குதிரையைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் இல்லை என்பது. வேகவைத்த சோறும் இறைச்சியும் போட்டார்களாம். குதிரை வைத்தியம் தெரிந்தவர்களை வணிகர்கள் வரவே விடவில்லை என்றும் குற்றம் சாட்டுகிறார். செத்தால்தானே அடுத்த ஆண்டும் வியாபாரம்! வெளியூர்ப் பயணியின் எண்ணிக்கைகளைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிக்க வேண்டும். ஆனாலும், பாண்டியர் காலத்தில் ஒரு கதை ஆட நினைக்கும் கேம் மாஸ்டருக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது. கப்பலில் இறங்கிய 10 குதிரைகளை மதுரைவரை உயிரோடு கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். டிராகன் எல்லாம் எதற்கு?

உங்கள் மேஜையில்...

எந்தப் பதிப்பை ஆடினாலும் குதிரைக்கு உயிர் கொடுக்கப் பெரிய விதிகள் தேவையில்லை. வாங்கும்போதே ஒரு பெயரும், ஒரு பிடித்ததும், ஒரு பயமும் எழுதிவைத்தால் போதும். வெல்லத்துக்கு மயங்கும், தண்ணீரில் இறங்காது. அவ்வளவுதான். அந்தப் பயத்தைக் கேம் மாஸ்டர் எல்லா இடத்திலும் இழுக்கக் கூடாது. ஒவ்வோர் ஓடையிலும் பகடை உருட்டச் சொன்னால் அடுத்த வாரம் எல்லோரும் நடந்தே வருவார்கள். கதையின் முக்கியமான ஆற்றங்கரை ஒன்றில் மட்டும் அது திமிறட்டும்.

பயிற்சியையும் சண்டைக்கு நடுவே வைக்கக் கூடாது. ஊர் ஊராகப் போகும் பயண நாள்களில், கூடாரம் போட்ட இரவுகளில் வைக்கலாம். "இன்னிக்கு ராத்திரி குதிரைக்கு என்ன பழக்கினே?" என்று ஒரு கேள்வி. பதில் பொறுமையாக இருந்தால் இலக்கைக் குறைக்கலாம். சவுக்கை எடுத்தேன் என்றால் ஏற்றலாம். விதிப்புத்தகம் கேட்க மறந்த குணத்தை இப்படிக் கேம் மாஸ்டர் கேட்டுவிடலாம். செலவைப் பற்றியும் பயப்பட வேண்டாம். 5-ம் பதிப்பின் பட்டியல்படி ஒரு நாள் தீனி 5 செப்புக்காசு, லாயத்தில் கட்ட 5 வெள்ளிக்காசு. பூதங்களின் புதையலைத் தோளில் சுமந்துகொண்டு, தீனிக்குப் பேரம் பேசும் வீரர்களைப் பார்ப்பது தனி சுகம்.

கடைசியாக ஒரு பழைய சிக்கல். பாதாளக் குகைக்குள் போகும்போது குதிரையை என்ன செய்வது? படிக்கட்டில் இறங்காது, வெளியே விட்டால் ஓநாய் விடாது. 1954-ல் வெளியான 'லார்டு ஆஃப் தி ரிங்ஸ்' நாவலின் முதல் பாகத்திலேயே இந்தச் சிக்கல் வருகிறது. மோரியா சுரங்க வாசலில், இத்தனை நாள் மூட்டை சுமந்த பில் என்ற மட்டக்குதிரையை விட்டுவிட்டுப் போக வேண்டும். சாமுக்கு மனசே வராது. அதற்குள் ஏரியிலிருந்து எழுந்த ஜந்து தாக்க, பில் இருட்டில் ஓடிவிடும். இனி அவ்வளவுதான் என்று வாசகரும் நினைப்பார். கதையின் கடைசிப் பாகத்தில்தான் தெரியும்: பில் யாருடைய துணையும் இல்லாமல் வழி கண்டுபிடித்து, பிரீ ஊரின் சத்திரத்துக்கே திரும்பி வந்து, லாயத்தில் உயிரோடு நிற்கும்.